வீட்டுக்கு நாஸ் வாங்கும்போது மென்பொருளையும் வன்பொருளையும் எப்படி எடைபோடுவது?

வீட்டில் உள்ள எல்லோருடைய புகைப்படங்களும் வீடியோக்களும் ஆவணங்களும் ஒரே இடத்தில் சேர வேண்டும், அந்த இடம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காகத் தயாரிக்கப்படும் சிறிய கணினிதான் நாஸ் எனப்படும் சேமிப்பு சர்வர். இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைச் செருகும் அறைகள் கொண்ட ஒரு பெட்டி அது. அதை ரவுட்டருடன் கேபிளால் இணைத்துவிட்டால், கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அதிலுள்ள கோப்புகளை எடுக்கலாம், புதியவற்றை அதில் சேமிக்கலாம். 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றப்படும் படங்கள் 15 ஜிபி இலவச வரம்புக்குள் கணக்கிடப்படத் தொடங்கிய பிறகு, மாதக் கட்டணம் கட்டுவதா, சொந்தப் பெட்டி வாங்குவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. சொந்தப் பெட்டி என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகச் சந்திக்கும் குழப்பம் எந்தப் பெட்டி என்பது.

இந்தக் குழப்பத்தின் வேர், இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே விலையில் சேர்த்து வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. ஒன்று புராசசர், ரேம், நெட்வொர்க் போர்ட், மின்விசிறி அடங்கிய வன்பொருள். மற்றொன்று அந்தப் பெட்டிக்குள் இயங்கும் இயங்குதளமும் அதனுடன் வரும் செயலிகளும் அடங்கிய மென்பொருள். வன்பொருளை எண்களால் சொல்லிவிட முடியும் என்பதால் விற்பனைப் பக்கத்தில் அதுவே பெரிதாகத் தெரிகிறது. மென்பொருளின் தரம் எண்ணில் அடங்குவதில்லை. சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகே அது முழுமையாகப் புலப்படுகிறது. முதல்முறை வாங்குகிறவர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது இயல்பானதுதான். ஆனால் அந்த ஒப்பீடு பாதி உண்மையைத்தான் காட்டுகிறது.

ஓர் உண்மையான இணையை எடுத்துக்கொள்வோம். சினாலஜி நிறுவனம் 2025இல் வெளியிட்ட டிஎஸ்925 பிளஸ் நான்கு அறைகள் கொண்டது. 2018இல் அறிமுகமான ஏஎம்டி ரைசன் வி1000 வரிசையைச் சேர்ந்த வி1500பி புராசசரும், 4 ஜிபி ரேமும், நொடிக்கு 2.5 கிகாபிட் வேகமுள்ள இரண்டு போர்ட்களும் அதில் உள்ளன. யூகிரீன் நிறுவனம் 2024இல் கொண்டுவந்த டிஎக்ஸ்பி4800 பிளஸும் நான்கு அறைகள் கொண்டதே. ஆனால் அதில் 2022ஆம் ஆண்டின் இன்டெல் பென்டியம் கோல்டு 8505 புராசசரும், 8 ஜிபி ரேமும், 10 கிகாபிட் போர்ட் ஒன்றும் 2.5 கிகாபிட் போர்ட் ஒன்றும் இருக்கின்றன. எண்களை மட்டும் பார்த்தால் இரண்டாவது பெட்டியை விட்டு முதலாவதை ஏன் ஒருவர் வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் பலர் முதலாவதை வாங்குகிறார்கள், அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. சினாலஜி 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் தைவான் நிறுவனம். அதன் டிஎஸ்எம் இயங்குதளம் பல ஆண்டுகளாகச் செப்பனிடப்பட்டு வந்திருக்கிறது. யூகிரீன் கேபிள்களுக்கும் சார்ஜர்களுக்கும் பெயர்பெற்ற நிறுவனம். அதன் யூஜிஓஎஸ் புரோ, டெபியன் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்ட, இன்னும் இளம் பருவத்தில் உள்ள இயங்குதளம். ஒருவர் புராசசருக்கும் போர்ட்டுக்கும் பணம் தருகிறார், மற்றவர் மென்பொருளின் அனுபவத்துக்குப் பணம் தருகிறார்.

எண்கள் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது

வன்பொருளைப் புரிந்துகொள்ள முதலில் நெட்வொர்க்கைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களின் கேபிள் போர்ட் நொடிக்கு 1 கிகாபிட் வேகம் கொண்டது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 125 எம்பி. நடைமுறையில் சுமார் 110 எம்பி கிடைக்கும். அந்த வேகத்தில் 100 ஜிபி வீடியோக்களை நகலெடுக்கக் கால் மணி நேரம் ஆகும். 2.5 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 280 எம்பி வரை கிடைப்பதால் அதே வேலை ஆறு நிமிடத்தில் முடியும். 10 கிகாபிட் போர்ட்டில் இன்னும் விரைவாக முடியும் என்றாலும், அதற்கு உங்கள் கணினியிலும் இடையில் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் என்னும் கருவியிலும் அதே வேகமுள்ள போர்ட்கள் இருக்க வேண்டும். தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று தொடர்ச்சியான பெரிய கோப்பை எழுதும் வேகமே நொடிக்கு 150 முதல் 260 எம்பி அளவில்தான் இருக்கிறது. பல டிஸ்க்குகள் சேர்ந்து இயங்கினாலோ எஸ்எஸ்டி இருந்தாலோதான் 10 கிகாபிட் பாதை நிரம்பும். வைஃபை வழியாகவே எல்லாக் கருவிகளையும் இணைத்திருக்கும் வீட்டில் அந்த போர்ட் வெறுமனே இருக்கும். வீட்டுக்கு வெளியிலிருந்து கோப்புகளை எடுக்கும்போதோ, உங்கள் பிராட்பேண்டின் பதிவேற்ற வேகமே எல்லையாகிறது. அது 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் எந்தப் பெட்டியாலும் அனுப்ப முடியாது.

புராசசரைப் பொறுத்தவரை, கோப்புகளைச் சேமித்துப் பகிர்வது மட்டுமே வேலை என்றால் மிக எளிய புராசசரே போதும். அதன் வலிமை தேவைப்படும் இடங்கள் சிலவே. அவற்றுள் முக்கியமானது வீடியோவை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றுவது. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற செயலிகள் மூலம் சேமித்த திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, அந்தக் கோப்பின் வடிவம் தொலைக்காட்சிக்குப் புரியும் என்றால் நாஸ் அதை அப்படியே அனுப்பிவிடும். அதற்கு வலிமை தேவையில்லை. புரியாத பழைய கருவிக்கோ, வெளியூரில் மெதுவான இணைப்பில் இருப்பவருக்கோ அனுப்ப வேண்டுமானால் நாஸ் அதை மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். இன்டெல் புராசசர்கள் பலவற்றில் இந்த வேலைக்கென்றே குவிக் சிங்க் என்னும் தனிப் பகுதி இருக்கிறது. மேலே சொன்ன வி1500பி புராசசரில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை. ஆகவே 4கே வீடியோவை மாற்றும் வேலையில் அது திணறும். உங்களுக்கு இந்த வேலை உண்மையிலேயே தேவை என்றால், எவ்வளவு சிறந்த மென்பொருளும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

ரேமும் இப்படித்தான். கோப்புப் பகிர்வுக்கு 2 ஜிபி போதும். முகங்களை அடையாளம் கண்டு படங்களை வகைப்படுத்தும் இம்மிச் போன்ற செயலிகளை, டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் மென்பொருள்) மூலம் இயக்க விரும்பினால் 8 ஜிபி வைத்துக்கொள்வது நல்லது. ரேமைப் பல பெட்டிகளில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். புராசசரை மாற்ற முடியாது. அறைகளின் எண்ணிக்கையும் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே வன்பொருளில் கவனமாக யோசிக்க வேண்டியவை பின்னர் மாற்ற முடியாதவை மட்டுமே என்பது என் கருத்து.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உங்கள் தேவை ஓர் எல்லையை வகுக்கிறது. வன்பொருள் அந்த எல்லையைத் தாண்டினால் போதும், அதற்கு மேல் உள்ள வலிமையால் பயன் அதிகமில்லை. மென்பொருளுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. பெட்டி மின்சாரத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதன் தரம் உங்கள் கோப்புகளின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

மென்பொருள் செய்யும் வேலை

புதிதாக வாங்குகிறவர்கள், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறையான ரெய்டு என்ற சொல்லைக் கேட்டதும் தங்கள் கோப்புகள் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ரெய்டு 1 என்பது ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்குகளில் எழுதுவது. ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றொன்றில் அது இருக்கும். ஆனால் நீங்களே ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அது அதே நொடியில் இரண்டு டிஸ்க்குகளிலிருந்தும் அழியும். தீங்கான நிரல் ஒன்று உங்கள் கணினிக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டு நகல்களும் பூட்டப்படும். இந்த ஆபத்துகளிலிருந்து காப்பது ஸ்னாப்ஷாட் என்னும் மென்பொருள் வசதி. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் (டிஸ்க்கில் தரவை ஒழுங்குபடுத்தி எழுதும் முறைகள்) பழைய தரவின் மேலேயே எழுதாமல் மாற்றத்தைப் புதிய இடத்தில் எழுதுவதால், நேற்று மாலை கோப்புகள் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலையை மிகக் குறைந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறது. அழித்தது எதுவானாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். இந்த வசதி எல்லாப் பெட்டிகளிலும் இல்லை. இருக்கும் பெட்டிகளிலும் அதை ஒரு சாதாரணப் பயனர் கண்டுபிடித்து இயக்கும் அளவுக்கு எளிமையாக வைத்திருக்கிறார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. வீட்டில் கணினியைப் பற்றி அதிகம் அறியாத ஒருவரும் அழிந்த படத்தைத் தாமே மீட்டெடுக்க முடிய வேண்டும் என்பதை நான் மிக முக்கியமான அளவுகோலாகக் கருதுகிறேன்.

வேறொரு பெட்டிக்கோ கிளவுடுக்கோ தானாகவே காப்புநகல் எடுப்பதும், கைபேசியில் எடுக்கும் படங்கள் யாரும் நினைவூட்டாமலே வந்து சேர்வதும், டிஸ்க் பழுதாகப் போகும் அறிகுறியைக் கண்டு மின்னஞ்சல் அனுப்புவதும் மென்பொருளின் வேலைகளே. மின்தடை ஏற்படும்போது யூபிஎஸ் தரும் தகவலைக் கேட்டுப் பெட்டியை ஒழுங்காக நிறுத்துவதும் அப்படித்தான். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இருப்பவர்கள் தங்களிடம் உள்ள யூபிஎஸ் மாடலை அந்தப் பெட்டி யூஎஸ்பி வழியாக அறிந்துகொள்ளுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடக் கூடுதல் கவனம் தேவைப்படுவது பாதுகாப்புப் புதுப்பிப்பு. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்னும் தாக்குதல் கியூநாப் நிறுவனப் பெட்டிகளில் இருந்த கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட சுருக்கக் கோப்புகளாக மாற்றி, அந்தக் கடவுச்சொல்லைத் தர 0.01 பிட்காயின் கேட்டது. அதற்கு வழிவிட்டது காப்புநகல் எடுப்பதற்கென்றே கொடுக்கப்பட்ட செயலியில் இருந்த ஓட்டை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் வேறொரு தாக்குதல் அதே நிறுவனத்தின் பெட்டிகளையும், பிப்ரவரியில் அசுஸ்டோர் பெட்டிகளையும் தாக்கியது. இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடப்பட்டிருந்த பெட்டிகளே இவற்றுக்கு இலக்காயின. 2021 ஜூனில் நடந்தது இவற்றினும் கொடியது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் 2015க்குப் பிறகு புதுப்பிப்பே பெறாமல் வீடுகளில் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் இருந்த ஓட்டைகள் வழியாக யாரோ தொலைவிலிருந்து அழிப்புக் கட்டளையை அனுப்ப, பலருடைய ஆண்டுக்கணக்கான சேமிப்பு ஒரே நாளில் காணாமல் போனது. அந்தப் பெட்டிகளின் வன்பொருள் அன்றும் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது தன் பழைய பெட்டிகளை எவ்வளவு காலம் கவனித்துக்கொள்கிறது என்பது. சினாலஜியின் டிஎஸ்916 பிளஸ் 2016இல் வந்தது. 2023இல் வெளியான டிஎஸ்எம் 7.2 அதற்கும் கிடைத்தது. இப்படிப்பட்ட பழைய கணக்கு ஒன்றே நம்பத் தகுந்த சான்று. புதிய நிறுவனத்திடம் அந்தக் கணக்கு இருக்க வாய்ப்பில்லை. அது அந்த நிறுவனத்தின் குற்றம் அல்ல என்றாலும், அந்த இடர் வாங்குகிறவரின் தலையில்தான் விழுகிறது.

வாங்கிய பிறகு மாறுவது எது

இதுவரை சொன்னதைக் கொண்டு, பழகிய நிறுவனத்தின் மென்பொருளைக் கண்மூடி நம்பிவிடலாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. வன்பொருள் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்; மென்பொருளை நிறுவனம் பிறகு மாற்றலாம், அந்த மாற்றம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். சினாலஜி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட டிஎஸ்எம் 7.2.2 பதிப்பிலிருந்து வீடியோ ஸ்டேஷன் என்னும் தன் சொந்தச் செயலியை நீக்கியது. அதை நம்பிப் பெட்டி வாங்கியவர்கள் வேறு செயலிக்கு மாற வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் அதே நிறுவனம், அந்த ஆண்டு முதல் வரும் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தன் பெயருள்ள அல்லது தான் சான்றளித்த டிஸ்க்குகளையே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அறிவித்தது. பயனர்களின் கடுமையான எதிர்ப்புக்குப் பிறகு, அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 பதிப்பில் ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிகளுக்கும் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அந்தச் சில மாதங்களில் வாங்கியவர்களுக்கு, மென்பொருளில் எழுதப்பட்ட ஒரு விதி டிஸ்க் செலவை நேரடியாக உயர்த்தியது.

மறுபுறம், வன்பொருளும் சில நேரம் எதிர்பாராமல் கைவிடுகிறது. இன்டெல் ஆட்டம் சி2000 வரிசை புராசசர்களில் கடிகாரத் துடிப்பை வெளியிடும் பகுதி காலப்போக்கில் செயலிழக்கக்கூடும் என்பது 2017இல் வெளியே தெரிந்தது. டிஎஸ்415 பிளஸ், டிஎஸ்1515 பிளஸ் முதலிய பெட்டிகளில் அந்த வரிசைதான் இருந்தது, சினாலஜி அவற்றின் உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. அப்படிப் பெட்டி நின்றுபோனாலும் டிஸ்க்குகள் நன்றாகவே இருந்தன. அவற்றை எடுத்து அதே நிறுவனத்தின் பொருத்தமான வேறொரு பெட்டியில் செருகினால் கோப்புகளும் அமைப்புகளும் திரும்பக் கிடைத்தன. வன்பொருளின் சாவிலிருந்து மீட்டது மென்பொருளின் தொடர்ச்சி.

இந்த இடத்தில் பெரும்பாலான வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்தால் வழி என்ன? அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, டிஸ்க்கில் உள்ள தரவைப் பொதுவான முறையில் படிக்க முடிவது. சினாலஜி பெட்டிகள் லினக்ஸின் வழக்கமான ரெய்டு முறையையே பயன்படுத்துவதால், அந்த டிஸ்க்குகளை உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய சாதாரணக் கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்க முடியும். அதற்கான வழிமுறையை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. இரண்டாவது, பெட்டியை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் மாற்ற முடிவது. யூகிரீன் பெட்டியில் அதன் இயங்குதளத்தை விட்டுவிட்டு ட்ரூநாஸ் அல்லது அன்ரெய்டு என்னும் வேறு நாஸ் இயங்குதளத்தை நிறுவலாம். மென்பொருள் இளமையானது என்ற குறையை இது பெருமளவு ஈடுசெய்கிறது; ஆனால் அந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொள்ளும் மனமும் நேரமும் உள்ளவருக்கு மட்டுமே. இரண்டு வழிகளும் அடைபட்ட பெட்டியை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி மேலே சொன்ன இணைக்குத் திரும்பினால் தேர்வு அவ்வளவு கடினமாக இருக்காது. குடும்பப் படங்களும் ஆவணங்களும் பாதுகாப்பாக இருக்க வேண்டும், வீட்டில் ஒருவரும் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்றால் முதிர்ந்த மென்பொருள் உள்ள பெட்டியே ஏற்றது. பழைய புராசசர் அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியாது. அவர்களுக்கு டிஎஸ்925 பிளஸ் கூடத் தேவைக்கு மிஞ்சியது, இரண்டு அறைகள் உள்ள சிறிய மாடலே போதும். திரைப்படத் தொகுப்பைப் பல கருவிகளில் பார்க்கவும், டாக்கரில் பல செயலிகளை இயக்கவும், தேவைப்பட்டால் இயங்குதளத்தையே மாற்றவும் தயாராக இருப்பவருக்கு யூகிரீன் பெட்டியின் வன்பொருள் உண்மையான பயன் தரும். வீடியோ படத்தொகுப்பைத் தொழிலாகச் செய்கிறவர் 10 கிகாபிட் போர்ட்டை முதலில் பார்ப்பதும் சரியே. யுபிக்விட்டி என்னும் நிறுவனம் 2024 அக்டோபரில் 499 டாலருக்குக் கொண்டுவந்த யூநாஸ் புரோ இதற்கு இன்னொரு கோணம்: ஏழு அறைகளும் 10 கிகாபிட் இணைப்பும் இருந்தன, மென்பொருளோ கோப்புகளைச் சேமித்துப் பகிர்வதோடு நின்றுகொண்டது. பெரிய அளவில் கோப்புகளை மட்டும் சேமிக்க விரும்புகிறவருக்கு அந்தச் சுருக்கமே போதுமானது. டாக்கரை எதிர்பார்த்து வாங்கியவருக்கு அது ஏமாற்றம்.

வாங்கிய பின்னும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். முக்கியமான கோப்புகளை ஏற்றுவதற்கு முன், நகல் உள்ள சில படங்களை மட்டும் ஏற்றி, ஸ்னாப்ஷாட் எடுத்து, படங்களை அழித்து, மீட்டுப் பாருங்கள். பெட்டியை அணைத்து ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கி, எச்சரிக்கை மின்னஞ்சல் உங்களுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குத் இணையத்திலிருந்து நேரடியாக அடையக்கூடிய தனிப் பொது ஐபி முகவரி தருவதில்லை என்பதால், வெளியே சென்று கைபேசியின் மொபைல் டேட்டாவில் கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். திறக்கவில்லை என்றால் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடும் குறுக்குவழிக்குப் போகாமல், நிறுவனத்தின் இடைத்தரகு சேவையையோ டெயில்ஸ்கேல் போன்ற தனி இணைப்பையோ அமைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைகளில் எது தடுமாறினாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அதுவே போதுமான காரணம்.